இந்த ஊர் மங்கை

அங்காளம்மன் துணை

கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை காலை.

என் அண்ணன் பெற்ற மகள் மகாலட்சுமிக்கு, அத்தை ரத்தினம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் பெண் மங்கையும் மலையனூர்த் தாய் புண்ணியத்தில் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறோம். நீ மஸ்கட்டில் அந்த வீட்டுக்காரர்களுக்கு வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, உன் வயிற்றைக் காயப்போடாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது அத்தை எதற்குப் பேனா பிடிக்கிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் மங்கை என் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளை ஆட்டுக்குத் தழை போட அனுப்பிவிட்டுப் பேசலாம் என்றால், நான் பள்ளிக்கூடப் பேச்சை எடுத்ததுமே நீ, "அத பத்தி மட்டும் பேசாதீங்க அத்தை, தை மாசம் திண்டிவனம் ஹாஸ்டல்தான், முடிவு பண்ணிட்டேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது பார். மடித்துத் தலையணைக்கு அடியில் போட்டாலும் ஒரு நாள் எடுத்துப் படிப்பாய். இளையபெருமாள் மகன் குரு லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை பிளைட் ஏறுகிறான். அவன் கையில் இதையும், கருவடாமும், எலுமிச்சை ஊறுகாயும், அம்மன் குங்குமமும் கொடுத்து விடுகிறேன். ஊறுகாயை உன் ரூமில் இருக்கிற பெண்களுக்கும் கொடு. தனியாகத் தின்னாதே.

ஊரில் இந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை. ஏரி தளும்பி, அக்கரை ஊருக்குப் போகிற குறுக்குப் பாதை தண்ணீரில் கிடக்கிறது. வேப்பங்கிளை ஒடிந்து கம்பி மேல் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஒன்றுக்கு மங்கை உன் பேரை வைத்திருக்கிறாள், கோபித்துக்கொள்ளாதே. செஞ்சிக் கோட்டையைப் பார்க்க இப்போது எங்கெங்கிருந்தோ ஆள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மலை ஏறி இறங்கி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே என் மேல் சாய்கிறார்கள். தீபத்தன்று உன் நைனா படத்துக்கு மாலை போட்டேன். மங்கையின் அப்பனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆவணி அமாவாசை அன்றைக்கு நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். உனக்குத் தெரிந்தது பொய்ப் பாதி. மற்றதையும் கேள். கேட்டுவிட்டு, "அனுப்புங்க அத்தை" என்றால் நானே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருகிறேன்.

செஞ்சியில் வட்டார வள மையம் என்று ஓர் ஆபீஸ் இருக்கிறது. அங்கே இருக்கிற பயிற்சி டீச்சர்கள் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்த்து, அந்த ஊர் டீச்சருக்கு எங்கே தட்டுகிறதோ அங்கே கை கொடுப்பார்கள். அதுதான் அவர்கள் வேலையே. இது எனக்கு இப்போது தெரியும். அப்போது யாருக்குத் தெரிந்தது? ஜீப்பில் வந்தால் என்ன, ஸ்கூட்டியில் வந்தால் என்ன, வெளியூர் ஆள் கையில் பேனாவோடு வந்தால் இன்ஸ்பெக்‌ஷன் என்றுதான் நம் ஊர் நினைக்கும். நம் பள்ளிக்கூடத்துக்கு வளர்மதி மேடம் என்று ஒருவர் வரப்போவதாகச் சேதி வந்ததும், தெருக்கோடி தனகோட்டி திட்டம் போட ஆரம்பித்துவிட்டாள்.

தனகோட்டிதான் இப்போது பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. பிள்ளைகளைப் பெற்றவர்கள் சேர்ந்து பள்ளிக்கூடத்தைக் கவனித்துக்கொள்கிற குழு அது. நானும் அதில் ஓர் உறுப்பினர், வடை தின்னப் போவேன். சும்மா சொல்லக்கூடாது, அவள் தலைவியான பிறகுதான் கக்கூஸுக்குத் தண்ணீர் வந்தது, சத்துணவுக் கூடத்து ஓட்டை மாற்றினார்கள். ஆனால் அவளுக்கு ஒரு பயம். பிள்ளைகள் தொகை வருஷத்துக்கு வருஷம் குறைகிறது, படிக்காத பிள்ளைகள் என்று எழுதிவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள், கலைச்செல்வி டீச்சரையும் தூக்கிவிடுவார்கள் என்று. யாரோ டீக்கடையில் சொன்னது. டீக்கடைப் பேச்சுக்கு ஆதாரம் கேட்கிற ஊரா நம் ஊர்?

அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் என்னிடம் வந்தாள். "யக்கா, நாளைக்கி மலையனூர் போவ இல்ல? மங்கையையும் கூட்டிகினு போ. அம்மனுக்கும் புண்ணியம், ஸ்கூலுக்கும் புண்ணியம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "இன்னாடி, எம் பொண்ணு வந்தா ஸ்கூலுக்குப் பாவமா?" என்று கேட்டேன். "கோச்சிக்காத யக்கா. அதுக்கு இன்னும் எழுத்து கூட வரல. மேடம் வர்ற நாளா பார்த்து அத நிக்க வெச்சி கேட்டா பொண்ணு மனசு நோவாதா?" என்று மாற்றிப் போட்டாள். பிள்ளை மனசு நோகும் என்றதும் எனக்கும் சரி என்று பட்டது. எப்படியும் நான் அமாவாசைக்குப் போகிறவள்தானே. கூட்டிக்கொண்டு போனேன்.

அவள் மனசில் வைத்திருந்த மீதித் திட்டம் எனக்குத் தெரியாது. ஏரிக்கு அந்தப் பக்கம் அவள் தங்கை குடியிருக்கிறாள் இல்லையா, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்று பேர். கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குகிற மாதிரி, தங்கை மகள் பாரதியையும் இன்னும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்துவிட்டாள்! அக்கரைப் பள்ளிக்கூடத்தில் மூன்று பேருக்கும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, நம் பள்ளிக்கூடத்தில் வராத பிள்ளைகள் இடத்தில் உட்கார வைத்திருக்கிறாள். மங்கை இடத்தில் பாரதி. "மேடம் பேர் கேட்டா மங்கைன்னு சொல்லு" என்று அதற்குப் பாடம் வேறு.

அங்கே மலையனூர்க் கோயிலில் என்ன கூட்டம் தெரியுமா! மங்கை எலுமிச்சம்பழம் வாங்கிக்கொடு என்று கேட்டு, தானே அம்மன் முன்னால் வைத்து, உனக்காக வேண்டிக்கொண்டாள். ராத்திரி அம்மன் ஊஞ்சல் பார்க்க நிற்கவில்லை, மறுநாள் பள்ளிக்கூடம் என்று பொழுதோடு பஸ் ஏறிவிட்டோம். ஊரில் இறங்கினால் தனகோட்டி ஓடி வருகிறாள். "யக்கா, நம்ம மங்கை மழை கொட்ற மாதிரி படிச்சிட்டா! மேடம் அசந்து போய்ட்டாங்க!" என்றாள். மங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள், தனகோட்டிக்கு அது கூடக் கண்ணில் படவில்லை, அவ்வளவு சந்தோஷம். பிறகு பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டு உன் பெண் என்னைக் கேட்டாள். நீ கூப்பிடுவதைப் பார்த்து அவளும் என்னை அத்தை என்றுதானே கூப்பிடுகிறாள். "அத்தை, நான் கோயில்ல இருக்க சொல்ல ஸ்கூல்லயும் இருந்தேனா? அம்மன் என்னை அங்க படிக்க வெச்சுதா?" என்றாள். மகாலட்சுமி, நான் வாய் ஓயாமல் பேசுகிறவள், உனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு, "சாப்புடு கண்ணு" என்று சொல்லிச் சோறு போட்டேன்.

அதற்குள் தனகோட்டி பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். "மூன்றாம் வகுப்பு மங்கை தடையில்லாமல் வாசித்து மேடத்தின் பாராட்டைப் பெற்றாள்" என்று. நீயும் அந்தக் குழுவில் இருக்கிறாய் என்பது அந்த நேரத்தில் யார் நினைவிலும் இல்லை. நீ கை கூப்புகிற பொம்மையும் பூவுமாக அனுப்பினாய். ரூமில் பாயசம் வைத்துக் கொடுத்ததாகச் சொன்னாய். வெள்ளிக்கிழமை உனக்கு லீவு, இவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனில் முகம் பார்த்து, "எங்கடி, எனக்கும் படிச்சிக் காட்டு" என்றாய். அவள் புத்தகத்தை விரித்து, படத்தைப் பார்த்து, முதல் இரண்டு வரியைப் பாட்டு மாதிரிச் சொன்னாள். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். நீ விரலை வைத்துப் படி என்றாய். விரல் ஓர் இடத்தில் இருந்தது, வாய் வேறு இடத்தில் இருந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டு முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அன்று ராத்திரி தனியாகப் போன் செய்து, பொய் சொல்கிற பள்ளிக்கூடத்தில் என் பிள்ளை வேண்டாம் என்றாய். நியாயம்தானே. பெற்றவள் நீ, பாலைவனத்தில் கிடந்து உழைக்கிறவள் நீ.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்தது. இனிமேல் நீ கேட்காமல் போனை வைத்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் நிறுத்தத்தில் கலைச்செல்வி டீச்சரைப் பிடித்தேன். சண்டை போடத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு முன்னாடியே தெரியாதும்மா. அந்தப் பொண்ணு எழுந்து நின்னு 'மங்கை'ன்னு சொன்னப்போதான் திக்குனு ஆச்சு. அந்த நிமிஷம் வாயைத் திறந்தா தனகோட்டி அக்கா மானம் போவும். திறக்கலேன்னா மங்கை படிப்பு போவும். நான் திறக்கல" என்றார். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ் வரைக்கும் நின்று பேசினார். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு எல்லாம் அவர் ஒருத்தரிடம், ஒரே அறையில். நான்கும் ஐந்தும் ஹெட்மாஸ்டரிடம். ஒன்றாம் வகுப்புக்குப் பல்பம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தால் மூன்றாம் வகுப்பு கூரையைப் பிரிக்கிறது. அதனால் எல்லாரையும் சேர்ந்து சத்தமாகச் சொல்ல வைத்துவிடுவாராம். அந்தச் சத்தத்தில் யார் படிக்கிறார்கள், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது என்றார். "அடுத்த தரம் மேடம் வர்றப்போ மங்கையை அனுப்புங்க, நானே சொல்லிடறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இவர் எங்கே சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பௌர்ணமி கழிந்து மேலாண்மைக் குழுக் கூட்டம் வந்தது. வளர்மதி மேடமும் அதற்கு வந்திருந்தார். நானும் மற்றப் பெண்களும் வகுப்பு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தோம். மங்கைக்குத் தலை சீவி, கனகாம்பரம் வைத்து நானே கொண்டுபோய் விட்டேன். தனகோட்டி என்னைக் கண்ணால் சுட்டாள், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். மேடத்துக்கு நாற்பது வயசு இருக்கும், காட்டன் புடவை, ஹெல்மெட்டை மடியிலேயே வைத்திருந்தார். கூட்டம் தொடங்குமுன் பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகப் பேர் கேட்டார். உன் பெண் எழுந்து "மங்கை" என்றாள்.

மேடம் அவளை நன்றாகப் பார்த்தார். "போன தரம் இந்த எடத்துல வேற ஒரு மங்கை இல்ல உக்காந்து இருந்துது?" என்றார்.

கலைச்செல்வி டீச்சர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மற்றப் பிள்ளைகள் சொல்லி அவளுக்கு எல்லாம் தெரியும், உன் பெண் முந்திக்கொண்டாள். "அது அக்கரை மங்கை மிஸ். அன்னிக்கி ஒரு நாளைக்கி மட்டும் வந்துச்சு. நான்தான் இந்த ஊரு மங்கை. எனக்கு படிக்க வராது" என்றாள். கோள் சொல்கிற குரல் இல்லை அது. வெற்றிலை பாக்குக் கடை எங்கே என்று கேட்டால் வழி சொல்வோமே, அந்தக் குரல்.

தனகோட்டி டீத் தட்டோடு வாசலில் நின்றவள் அப்படியே நின்றாள். மேடம் சிரித்துவிட்டார். "அதானே! போன வாரம் அக்கரை ஸ்கூலுக்குப் போனேன். பாரதின்னு ஒரு பொண்ணு என்னைப் பார்த்ததும் பென்ச்சுக்கு அடியில பூந்துட்டுது. காய்ச்சல் வந்த புள்ள இன்னாத்துக்கு ஒளியுதுன்னு அவங்க டீச்சர் கேக்கறாங்க" என்றார். ஜன்னல் ஓரம் இருந்த நாகம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டாள், பிறகு எல்லாருக்கும் அடக்க முடியவில்லை.

தனகோட்டி மட்டும் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான் மேடம் கூட்டியாந்தேன். டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது. எழுதறதா இருந்தா என் பேர எழுதுங்க. ஸ்கூல மூடிடுவீங்கன்னு பயந்துட்டேன்" என்று அழுதாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை, மாமியார் செத்ததற்குக் கூட அவள் இவ்வளவு அழவில்லை.

"மூடறதுக்கு எங்கிட்ட பூட்டும் இல்ல சாவியும் இல்லக்கா" என்றார் மேடம். "நான் வர்றதே படிக்க வராத புள்ளைக்காகவும், நடத்த முடியாம தவிக்கிற டீச்சருக்காகவும்தான். நீங்க இங்க எல்லாம் நல்லா இருக்குதுன்னு காட்டினீங்க. நானும் நம்பி, இந்த ஸ்கூலுக்கு நான் தேவையில்லைன்னு முடிவு பண்ணி, வர்ற முறைய வேற ஊருக்கு மாத்திட்டேன். இன்னிக்கி கூட்டத்துக்கு வந்ததோட சரி. இந்தப் பொண்ணு வாயத் தொறக்கலேன்னா அப்புறம் நான் இந்தப் பக்கம் வந்தே இருக்க மாட்டேன்" என்றார்.

மகாலட்சுமி, நினைத்துப் பார். பிச்சை போட வந்தவளுக்கு இரவல் பட்டுப்புடவையைக் கட்டிக் காட்டி, எங்களுக்கு என்ன குறை என்று திருப்பி அனுப்பிய கதை ஆகியிருக்கும்.

அப்போதுதான் கலைச்செல்வி டீச்சருக்குக் குரல் வந்தது. "எனக்கு மூணு வகுப்ப ஒண்ணா வெச்சி நடத்த வரல மேடம். ட்ரெயினிங்ல சொல்றீங்க, புரியுது. இங்க வந்தா கைக்கு வர மாட்டேங்குது" என்றார். அத்தனை அம்மாக்கள் முன்னால், ஹெட்மாஸ்டர் முன்னால் சொன்னார். மேடம் பேனாவை எடுக்கவே இல்லை. "சரி, நான் நடத்திப் பார்க்கறேன். நீங்க உக்காருங்க" என்று எழுந்தார்.

அந்த வேடிக்கையை நீ பார்த்திருக்க வேண்டும். மேடம் அட்டை அட்டையாக எடுத்து மூன்று கூட்டமாகப் பிள்ளைகளை உட்கார வைத்தார். கொஞ்ச நேரம்தான். ஒன்றாம் வகுப்புப் பயல் ஒருவன் அட்டையைக் கடித்தான். இரண்டு பேர் ஒரே அட்டைக்கு மல்லுக்கட்டினார்கள். ஒரு பிள்ளை ஒன்றுக்கு வருகிறது என்றது, அதைப் பார்த்து வரிசையாக எல்லாருக்கும் வந்துவிட்டது. மேடத்தின் குரல் கம்மிப் போனது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் வரல டீச்சர்" என்றார். கலைச்செல்வி டீச்சர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார். "ஆனா அக்கரை டீச்சருக்கு வருது. அவங்களும் உங்கள மாதிரி ஒரே ஆள்தான். வாங்க, போய் எப்படின்னு பார்ப்போம்" என்றார் மேடம்.

அடுத்த வாரமே மேடம் வந்து நம் வகுப்பைப் பார்த்துக்கொண்டார். கலைச்செல்வி டீச்சரை அக்கரைக்கு அனுப்பினார். அப்போது ஏரிப் பாதையில் தண்ணீர் இல்லை. தனகோட்டிதான் துணைக்குப் போனாள், பிள்ளைகளைக் கூட்டி வந்த அதே பாதையில். பிறகு அக்கரை டீச்சர் இங்கே வந்தார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சுற்றுவட்டாரத்து டீச்சர்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடிப் பேசுகிறார்கள், அங்கேயும் இவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருகிறார்களாம். தனகோட்டி என்னிடம் சொல்கிறாள், "புள்ளைங்கள இரவல் வாங்கினேன் பாரு யக்கா, டீச்சரையே வாங்கி இருக்கலாம்."

மங்கைக்கு என்ன கோளாறு என்று மேடம் கூட்டத்தன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். பாடத்தைக் கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தைக்குப் படிக்கச் சொன்னார். படத்தைக் கையால் மறைத்தார். அப்போது தெரிந்தது, அவள் காதால் கேட்டதை வாயால் சொல்கிறாள், கண்ணுக்கு அதில் வேலையே இல்லை. புத்திசாலிப் பிள்ளைதான், இல்லாவிட்டால் இத்தனை பாடம் கேட்டே மனப்பாடம் ஆகுமா? அதனால்தான் கோளாறு எங்கே என்று மூன்று வருஷம் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது அங்கே வகுப்பைப் பார்த்து உட்கார வைப்பதில்லை, யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து உட்கார வைக்கிறார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று கூட்டத்துக்குப் பேர். மங்கை அரும்பில் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளோடு உட்கார்ந்தாள். முதல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் தன் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லி, அதைப் பலகையில் எழுதி, அதையே படிக்க வைத்தார். இவள் சொன்ன வாக்கியம், "அம்மா மஸ்கட்ல இருக்குது." அதுதான் உன் பெண் கண்ணால் பார்த்துப் படித்த முதல் வாக்கியம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவரெல்லாம் கரியால் எழுதிவிட்டாள். நான் அடிக்கவில்லை.

தீபம் முடிந்து மொட்டுக்கு ஏற்றியிருக்கிறார்கள். எல்லாம் வந்துவிட்டது என்று எழுதினால் நானும் தனகோட்டி மாதிரி ஆகிவிடுவேன், அதனால் உள்ளதை எழுதுகிறேன். பஸ் போர்டில் செஞ்சி, சேத்பட், திண்டிவனம் படிக்கிறாள். ரேஷன் கடைச் சுவரில் பாதி படிக்கிறாள். மெய்யெழுத்து நடுவில் வந்தால் கல் தடுக்கின மாதிரி நிற்கிறாள். கதைப் புத்தகம் கொடுத்தால் ஒரு பக்கத்துக்குள் கொட்டாவி விடுகிறாள். டீச்சருக்கும் எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. உடம்பு முடியாத நாளில் பழையபடி எல்லாரையும் கோரஸாகக் கத்த வைத்துவிடுகிறார், எனக்கு வீட்டு வாசல் வரைக்கும் கேட்கிறது. மேடத்துக்கும் எத்தனையோ பள்ளிக்கூடம், இரண்டு வாரத்துக்கு ஒரு தரம்தான் வர முடிகிறது. மழையில் ஒரு தரம் அதுவும் தவறிப்போனது. ஆனால் வருகிறார். வந்ததும் முதலில் மங்கை பக்கத்தில்தான் தரையில் உட்காருகிறார். பாரதி விடுமுறை நாளில் பெரியம்மா வீட்டுக்கு வந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் விளையாடுகின்றன. சண்டை வந்தால் மங்கை, "எம் பேர எடுத்துகினு ஓடினவதானே நீ" என்கிறாள். அந்தப் பெண் பாவம், வாயை மூடிக்கொள்கிறது.

ஹாஸ்டல் விஷயத்தை மேடத்திடமே கேட்டேன். இங்கேயே வையுங்கள் என்று சொல்வார், அதை அப்படியே உனக்கு எழுதலாம் என்று ஆசைப்பட்டேன். அவர் பிடி கொடுக்கவில்லை. "அது அவங்க அம்மா முடிவு. நல்ல ஸ்கூலா கூட இருக்கலாம். ஆனா நட்ட நாத்து வேர் புடிக்கிற நேரம் இது, பிடுங்கி வேற சேத்துல நட்டா கொஞ்ச நாளு வாடும். அங்க இங்கிலீஷ்லயே ஆரம்பிச்சா ரெண்டும் இல்லாம நிக்கவும் கூடும், நல்லா வரவும் கூடும். நான் ஜோசியம் சொல்ல முடியாதும்மா" என்றார். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், பொய் சொல்லாத ஆள் ஒருத்தராவது இதில் இருக்கிறாரே என்று நிம்மதியாக இருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். தையில் வேண்டாம், முழுப் பரீட்சை முடியட்டும். சித்திரையில் நீ லீவில் வருகிறாயே, வந்து உன் கண்ணால் பார். பார்த்துவிட்டு அனுப்பு. எனக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. எனக்கென்ன, கோயில் இருக்கிறது, ஆடு இருக்கிறது, வாயைக் கொடுத்தால் பதில் சொல்லத் தெருப் பெண்கள் இருக்கிறார்கள். ஹாஸ்டலில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு அம்மா அனுப்பின சேதியைக் காட்டுவார்களாம். அங்கே போகும்போது அவள் அதைத் தானே படிக்கிறவளாகப் போகட்டும், பக்கத்துக் கட்டில் பிள்ளையிடம் கெஞ்சிப் படிக்கச் சொல்லிக் கேட்கிறவளாகப் போகக்கூடாது. இவ்வளவுதான் என் வேண்டுதல்.

உன் முடிவைப் போனில் சொல்லாதே. போனில் எழுதியும் அனுப்பாதே, அதை அமுக்கினால் அதுவே படித்துச் சொல்கிறதாம், இவள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். ஒரு தாளில் எழுது. பெரிய பெரிய எழுத்தாக, வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு, சின்னச் சின்ன வாக்கியமாக எழுது. கவர் மேல் என் பேரைப் போடாதே, மங்கை பேரைப் போடு. ஹாஸ்டல் என்றாலும் அப்படியே எழுது, அத்தை வீட்டிலேயே இரு என்றாலும் அப்படியே எழுது. நான் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். என்ன முடிவானாலும் உன் பெண்ணே எழுத்துக் கூட்டிப் படித்து எனக்குச் சொல்லட்டும். எவ்வளவு நேரம் பிடித்தாலும் சரி, குறுக்கே பேச மாட்டேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். எழுதும்போது மலையனூர்த் தாய் உன் பேனா முனையில் வந்து உட்காரட்டும்.

உன் அத்தை,
ரத்தினம்மாள்